பாப்பா வாங்கிய பூட்டு

மாடிப்படிக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியில் பூட்டு தொங்கியது.

புதுப் பூட்டு. பித்தளை.

அக்கா அதைக் குனிந்து பார்த்தாள். அந்த வீட்டு எஜமானி அவள்தான். அவள் வீட்டில் வேலை செய்கிறவள் பெட்டியைப் பூட்டி வைப்பதாவது.

வேலை செய்கிறவள் என்று யாராவது சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது. "கூடப் பொறக்காத தங்கச்சி" என்றுதான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். பாவாடை கட்டிய வயதில் வந்து சேர்ந்தவளுக்குப் பாப்பா என்று பெயர் வைத்ததும் அவள்தான். இப்போது பாப்பாவுக்கு முன்னுச்சியில் நரை விழுந்துவிட்டது. பெயர் மட்டும் வளரவில்லை.

புடவை, சீப்பு, செருப்பு எல்லாமே அக்கா கழித்துப் போட்டவை. சம்பளத்தைக்கூட அக்காவே பத்திரமாக வைத்திருந்தாள். சகலமும் கிடைக்கிறவளுக்குக் கையில் காசு எதற்கு?

அக்கா முதலில் நகைகளைச் சரிபார்த்தாள். பிறகு வெள்ளிக் கரண்டிகளை. சமையலறையில் முந்திரி டப்பாவைக்கூட விட்டு வைக்கவில்லை.

எதுவும் குறையவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. என்ன போயிற்று என்று தெரிந்தால் வாய் நிறையத் திட்டலாம். ஒன்றுமே போகாவிட்டால் எதைச் சொல்லித் திட்டுவது?

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளை ஈரக்கையோடு இழுத்து வந்து பெட்டி முன்னால் நிறுத்தினாள்.

"மடியில கனம் இல்லேன்னா வழியில என்னடி பயம்? தெற."

"வேணாங்க்கா."

இத்தனை வருடத்தில் பாப்பா ஒன்றை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அக்காவுக்கு அது போதும். பாம்புக்குத்தான் பால் வார்த்திருக்கிறோம் என்று முடிவே கட்டிவிட்டாள். பாப்பாவின் இடுப்பில் செருகியிருந்த சாவியை உருவித் தானே திறந்தாள்.

உள்ளே ஒன்றுமில்லை.

பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினாள். ஒரே ஒரு அந்துருண்டை உருண்டு வந்தது.

"காலிப் பெட்டிக்கு எதுக்குடி பூட்டு?"

பாப்பா கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"பெட்டி நீங்க குடுத்தது. பூட்டு நான் வாங்கினதுக்கா. இங்க வந்துட்டு ஊருக்குப் போறப்ப உங்க அத்தை என் கையில வெச்ச காசு. இனிமே எனக்குன்னு எதாவது வாங்கினா, உள்ள வைக்கலாமேன்னு."

அக்காவுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இவ்வளவு பாடுபட்டதற்கு ஒரு கரண்டியாவது கிடைத்திருக்கலாம். அப்புறம் சிரிப்பு வந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த புருஷனுக்குக் கேட்கும்படி, "காத்தைப் பூட்டி வெச்சிருக்காங்க, வந்து பாருங்க" என்றாள். அவரும் அங்கிருந்தே சிரித்தார்.

"கிறுக்கி" என்று பாப்பாவின் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டிவிட்டு மாடிக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது இரண்டு கையும் நிறைந்திருந்தது. பிள்ளைகளுக்குச் சின்னதாகிப் போன ஸ்வெட்டர்கள், ஓட்டை விழுந்த போர்வைகள், எரிந்துபோன இஸ்திரிப் பெட்டி. இத்தனை நாளாக வைக்க இடமில்லாமல் கிடந்தவை.

திணித்ததில் மூடி மூடவில்லை. பாப்பாதான் மேலே ஏறி உட்கார்ந்து அழுத்தினாள். அக்கா பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். சாவியைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டாள்.

பாப்பா அந்தக் கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பாக்கற? பூட்டு உன்னோடதுதான். யாரு இல்லேன்னா?"