பஸ்ரா போய் வந்த டப்பா

வண்டன்மேட்டு ஏலக்காய்க் களத்தில் உச்சி வெயில். தபால்காரர் வைத்துவிட்டுப் போன பார்சலைத் தொடாமல் நிற்கிறார் சங்கையா. கடல் தாண்டிப் பஸ்ரா சண்டையில் இருக்கும் மகன் சுருளிக்கு முறுக்கும் கருப்பட்டியும் அடைத்து, அவரே துணி சுற்றித் தைத்து அனுப்பிய அதே தகர டப்பா. மேலே மனைவி மாரித்தாயின் அதே பழைய சேலைத்துணி. போன மாதம் கீழ் லயத்து வரிசை வீடொன்றுக்கு, பட்டாளத்துப் பையனுக்கு அனுப்பிய பார்சல் இப்படித் திரும்பி வந்தபோது, அந்த வீட்டில் ஒப்பாரி எழுந்தது. சங்கையா தலைத்துண்டை அவிழ்த்து இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். "குளிரு" என்கிறார், யாரும் கேட்காமலே. வியர்வை மூக்கு நுனியில் தொங்குகிறது.

மாரித்தாய் டப்பாவை மடியில் வைத்துத் தையலைத் தடவுகிறாள். "ஏங்க, இது நீங்க தச்சதில்ல. இழை எதிர்ப்பக்கம் சாயுது பாருங்க."

சங்கையா குனிகிறார். இதே களத்தில் ஏலக்காய் மூட்டை தைக்கையில் சுருளி இடக்கையால்தான் ஊசி பிடிப்பான். அதற்காக எல்லார் முன்னாலும் அவனை ஏசியவர் சாட்சாத் சங்கையாதான். மாரித்தாய் தையலை அறுக்க மனமில்லாமல் முடிச்சை அவிழ்த்து இழை இழையாக உருவுகிறாள். மூடி திறந்ததும் பேரீச்சம்பழ வாசம். ஒன்றை வாயில் போட்ட சங்கையா மென்று விழுங்க மறந்து நிற்கிறார். போர்த்திய துண்டை எடுத்துவிட்டார், கண்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"இனியும் எம்புள்ளைய இடக்கைப் பயலேன்னு ஏசுவீகளா?"

"பின்ன ஏசாமலா? வரட்டும், எதுக்க நிக்க வச்சே ஏசுறேன்" என்கிறார், அடுத்த பழத்தை அவள் வாயில் ஊட்டியபடி.