வாய் திறக்காத தொலைபேசி

உளவுத்துறை அலுவலகத்தில் காதில் ஹெட்போனை மாட்டியபடி, ஒரு வாரமாக எதுவுமே கேட்காமல் அவள் உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் வீட்டுத் தொலைபேசியை ஒட்டுக்கேட்கத் தொடங்கிய மறுநாளிலிருந்து, மேடையில் ஆட்சியையே கிழிக்கும் அந்த மனிதர் அதில் வாய் திறக்கவில்லை.

"நாம கேக்கறது அந்த ஆளுக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றார் அதிகாரி. "இங்க இருக்கிற யாரோதான் சொல்லியிருக்கணும். நீங்க அவர்கிட்ட படிச்சவங்கதானே?"

"ஊர்ல பாதிப் பேர் அவர்கிட்டதான் படிச்சாங்க சார்."

"அந்தப் பாதியில வேற யாரும் இந்த அறையில உக்காரலையே. சாயங்காலம் மேலிடத்துல பேர் கேப்பாங்க. இப்போதைக்கு எங்கிட்ட உங்க பேர்தான் இருக்கு."

அப்படிப் பேர் போய், விசாரணைக்கென்று கீழ்த்தளத்துக்குக் கூட்டிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை.

அப்போது வாத்தியார் வீட்டு மணி ஒலித்தது. அவள் ஒலிபெருக்கியைப் போட்டாள். கூப்பிட்டது வாத்தியார் மனைவியின் தங்கை; எடுத்தது மனைவி.

"அக்கா, பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேக்குதே."

"ஆமாடி. வருஷக்கணக்கா கரகரன்னு கிடந்துச்சு. எத்தனை தடவை சொல்லியும் ஒருத்தரும் எட்டிப் பாக்கல. போன வாரம் கூப்பிடாமலே வந்து சரிபண்ணிட்டுப் போனாங்க. என்னமோ, அன்னையிலேர்ந்து உங்க அத்தான் போன் பக்கமே போகல."

அதிகாரியின் முகம் கறுத்தது. "எந்த முட்டாள் அதைச் சரிபண்ணச் சொன்னது?"

அவள் தயங்கினாள். "மொத நாள் கேட்டுட்டு, ஒரு வார்த்தையும் புரியல, உடனே ஆளை அனுப்புங்கன்னு நீங்கதான் சார் சொன்னீங்க."

மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டவள், ரிசீவரை அவரிடம் நீட்டினாள்.

"மேலிடம் சார். பேரைக் கேக்குறாங்க."