மேசைக்கு அடியில் இடமில்லை

“மணி பதினொண்ணு அம்பது. பன்னிரண்டுக்குள்ள இந்தப் பொண்ணு ஒரு வார்த்தையாவது பேசணும். இல்லேன்னா கம்பாலா ஆஸ்பத்திரிக்கு வண்டியில ஏத்திடுவேன்” என்றார் குழந்தைகள் நல அதிகாரி ஒலோயா.

“வேண்டாம் ஐயா. இப்பதான் என் பக்கத்துல உட்காரவே ஆரம்பிச்சிருக்கா. இங்கேருந்து பிரிச்சா மறுபடி சுருண்டுடுவா.”

பதில் மேசைக்கு அடியிலிருந்து வந்தது. அகதிக் குழந்தைகள் இல்லத்தின் ஆலோசகர் இரான்யா அங்கே இருந்தாள். அவளை ஒட்டி எட்டு வயதுக் கிடென்.

எல்லையோர ஊரான அட்ஜுமானியில் மாம்பழக் காலம். தகரக் கூரையில் ஒரு பழம் விழுந்தாலும் கிடென் மேசைக்கு அடியில் போய்விடுவாள். போருக்குத் தப்பி எல்லை தாண்டி வந்ததிலிருந்து பேச்சில்லை.

“பிள்ளைங்கதானேம்மா பெரியவங்க முன்னால மண்டி போடணும்? இங்க என்ன தலைகீழா இருக்கு?”

“அவ உயரத்துக்கு நாம போகணும் ஐயா. அதுதான் வைத்தியம். ‘நான் உள்ள வரட்டுமா, நீ வெளிய வர்றியா’ன்னு தினம் கேட்பேன். அவ தலையாட்டினாத்தான் உள்ள போவேன்.”

“எங்க காலத்துல போர் நடக்கலையா? நாங்க என்ன மேசைக்கு அடியிலயா குடித்தனம் பண்ணினோம்? எனக்கு என்ன ஆச்சு? நல்லாத்தானே இருக்கேன்!”

கஞ்சியோடு வந்த சமையல்காரி சாண்டியா, “நின்னுக்கிட்டுக் கத்தினா பிள்ளைக்கு உங்க பூட்ஸ்தான் தெரியும், ஐயா” என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்துடன் உள்ளே தவழ்ந்தாள்.

ஒலோயா கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் குனிந்து மேசைக்கு அடியில் நுழைந்தார்.

“தொப்பையை இழுத்துப் பிடிங்க” என்றாள் சாண்டியா.

“இழுத்துத்தான் இருக்கேன்!”

அவரைத் தேடி வந்த டிரைவர், அதிகாரி தரையில் இருக்கும்போது நிற்பது மரியாதையில்லை என்று தானும் நுழைந்தான்.

“யாருய்யா என் கையை மிதிக்கிறது?”

“நான்தான் ஐயா, மன்னிக்கணும்.”

“கஞ்சி! கஞ்சி கொட்டுது!”

மேசை ஒரு பக்கமாகத் தூக்கியது. நெரிசல் தாங்காமல் கிடென் மெல்ல வெளியே நழுவினாள்.

அப்போது காற்று வீசியது. கூரையில் டமார் என்றது. அடுத்து இன்னொன்று. பிறகு கிளையே உதிர்ந்ததுபோல் வரிசையாக.

கிடென் மேசைக்கு ஓடினாள். உள்ளே இடமில்லை.

சுவரோடு ஒட்டி நின்றாள். கூரையிலிருந்து சறுக்கிய பழம் ஒன்று வாசற்படியில் விழுந்து, உருண்டு, அவள் காலருகே வந்து நின்றது. அவள் அதையே பார்த்தாள். அடுத்த சத்தத்துக்கு அவள் அசையவில்லை.

இரான்யா பதறி வெளியே வந்தாள். சாண்டியா வந்தாள். டிரைவர் வந்தான்.

“ஐயா, மணி பன்னிரண்டு” என்றான் டிரைவர். “வண்டியை எடுக்கட்டுமா?”

கிடென் பழத்தை எடுத்துக்கொண்டு மேசையருகே போனாள். பெரியவர்கள் முன் அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் செய்வதுபோல் மண்டியிட்டாள்.

உள்ளே ஒலோயா காதுகளைப் பொத்தி, கண்களை இறுக மூடிச் சுருண்டிருந்தார்.

“மாம்பழம்தான், மாமா. நான் உள்ள வரட்டுமா, நீங்க வெளிய வர்றீங்களா?”