துள்ளாத பேட்டரி

பதினேழாவது பேட்டரியும் சாப்பாட்டு மேசையில் விழுந்து, ஒரு துள்ளுத் துள்ளி, உருண்டு அவள் மடிக்கு வந்து சேர்ந்தது.

"இதுவும் போச்சு," என்றார் பல் டாக்டர், பிடுங்கத்தான் வேண்டும் என்று சொல்கிற அதே குரலில்.

சரக்கு உள்ள பேட்டரியை நாலு விரல் உயரத்திலிருந்து போட்டால் தொப்பென்று நிற்கும். காலியானதுதான் குதிக்கும். யாரோ நோயாளி சொல்லிக்கொடுத்த சோதனை.

அவர் போடுவார். அவள் பொறுக்குவாள். முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் வேலைப் பிரிவினை எப்போதுமே இப்படித்தான்.

மணி மூன்றேகால். நான்குக்கு அவளுடைய அண்ணன் காரோடு வந்துவிடுவார். அவரும் டாக்டரும் ஏரிக்கு மீன் பிடிக்கப் போக வேண்டும்.

அண்ணன் கடையில் விற்கும் பொய்ப் பூச்சியைத் தூண்டிலில் மாட்டி மீன் மீனாக இழுத்துப் போடுகிறவர். டாக்டர் தன் பூச்சியைத் தானே செய்கிறவர். கொக்கியில் இறகு வைத்து, நூல் சுற்றி, பசை தடவி, ஈயைப் போல ஒன்று, கொசுவைப் போல ஒன்று.

ஆறு வருடமாக அவரது பூச்சிக்கு ஒரு மீன்கூட வாய் திறந்ததில்லை.

வாயைத் திறக்க வைப்பதுதானே மாப்பிள்ளையின் தொழில் என்று அண்ணன் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாகிவிட்டது. போன வாரம் கையில் அடித்துச் சத்தியமே வாங்கிக்கொண்டார்: "வர்ற ஞாயித்துக்கிழமையும் ஒண்ணும் மாட்டலேன்னா பூச்சிப் பட்டறையை மூட்டை கட்டிடணும், மாப்ளே!"

இன்றைய ஈ, அசல் ஈக்கே ஆசை வரும்படி அமைந்திருந்தது. ஒரே குறை, கொக்கியின் காதுத் துளையில் பசை போய் உட்கார்ந்துகொண்டது. தூண்டில் நரம்பு நுழையவில்லை.

அதைச் சுட்டு எடுக்க அவரிடம் பேனா அளவில் ஒரு கருவி உண்டு. பொத்தானை அழுத்தினால் நுனியில் மயிரிழைக் கம்பி சிவக்கும். ஒரே ஒரு பேட்டரிதான் தீனி. அவள் அதற்கு வைத்திருந்த பெயர் சூடுகோல்.

இன்று சூடுகோல் சிவக்க மறுத்தது.

தீக்குச்சியை அவள் நினைவுபடுத்தவில்லை. போன மாதம் தீக்குச்சியை வைத்துப் பார்த்ததில் பூச்சியோடு அவரது வலப்புருவமும் போயிற்று. ஒற்றைப் புருவத்தோடு பத்து நாள் வைத்தியம் பார்த்தார். அந்தப் பத்து நாளும் யாரையும் வாயைத் திற என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. பார்த்ததும் தானாகவே திறந்தார்கள்.

தெருமுனைக் கடை ஞாயிறு மதியம் பூட்டியிருக்கும். வீட்டில் உள்ளதெல்லாம் இந்த பிஸ்கட் டப்பாவில் கிடக்கும் பேட்டரிகள்தான். சுவர்க்கடிகாரம், ரிமோட், அழைப்பு மணி, எடை பார்க்கும் கருவி என்று ஒவ்வொன்றின் வயிற்றிலிருந்தும் அவர் உருவியெடுத்தவை. வேலை முடிந்ததும் டப்பாவில் போட்டுவிடுவார்.

"கொஞ்ச நாள் ரெஸ்ட் குடுத்தா அதுவே தேறிக்கும்."

"நீங்க குடுத்த ரெஸ்டுல கடிகாரம் பத்தே இருபதிலேயே தூங்குது."

முப்பத்தேழும் துள்ளின. ஒன்றுகூடத் தேறவில்லை.

டாக்டர் ஈயைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பட்டறையை மனதுக்குள் மூட்டை கட்டுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து, சமையலறைப் பக்கம் போகாமல் படுக்கையறைக்குப் போனாள். செய்யக்கூடாததைச் செய்யத் துணிந்திருந்தாள்.

அவரது தலைமாட்டு மேசையின் இழுப்பறையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தது. மூன்று மாதம் முன்பு மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு இதய மருத்துவர் போட்ட சட்டம் இது: காலையும் மாலையும் பார்த்து அட்டையில் எழுத வேண்டும். அதில் நான்கு பேட்டரி. ஒன்றே ஒன்றைக் கடன் வாங்கி, இரவுக்குள் திருப்பி வைத்துவிடலாம்.

கருவியைத் திருப்பி மூடியைத் திறந்தாள்.

நான்கு குழியும் காலி.

அடியில் அட்டை இருந்தது. நூற்று இருபத்திரண்டு, நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபது. அழகான கையெழுத்து. தினமும் இரண்டு வேளை பல் துலக்குகிறேன் என்று புளுகும் நோயாளிகளைக் கண்டால் ஆகவே ஆகாத மனிதரின் கையெழுத்து.

அன்று பன்னிரண்டாம் தேதி. அட்டை முப்பதாம் தேதி மாலை வரை நிரம்பியிருந்தது.

அடுத்த ஞாயிறு, பத்தொன்பதாம் தேதி மாலையில் மட்டும் நூற்று நாற்பத்தைந்து. பக்கத்தில் பொடி எழுத்தில் காரணமும் எழுதியிருந்தார்: மச்சான் வருகை.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் நீர் வந்தது.

பிறகு கோபம் வந்தது. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கூடத்திலிருந்து ஒரு கூச்சல்.

"ஏய், இங்க வாயேன்! சூடுகோலுக்குள்ள இருந்த பேட்டரி நல்லாத்தான் இருக்கு! மூடி ஆடுதேன்னு நேத்து நான்தான் உள்ள பல் சிமென்ட்டை வெச்சு அடைச்சிருக்கேன், அதான் கரன்ட் பாயல! சுரண்டி எடுத்துட்டேன், செவக்குது பாரு!"

அவர் குரலில் அப்படியொரு துள்ளலை அவள் கேட்டு வெகுநாள் ஆயிற்று.

வாசலில் அண்ணனின் கார் ஒலி எழுப்பியது.

அட்டையைக் கருவிக்கு அடியில் இருந்தபடியே வைத்து, இழுப்பறையைச் சத்தமில்லாமல் மூடினாள்.

திட்டுவதற்கும் மாதக் கடைசி வரை நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.