சிறைன்னா சிறைதான்

"சிறைன்னா சிறைதான் சார். கம்பி வச்சு, பூட்டுப் போட்டு, வாசல்ல போலீஸ் நிக்கிற சிறை. இதுல என்ன உள்ளர்த்தம் வேண்டிக் கிடக்கு?"

சலவைக்கடை அம்மா இப்படிக் கேட்டதும் புரொபசருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

சனிக்கிழமை சாயங்கால வேத வகுப்பு. பல் டாக்டர் வீட்டு ஹாலில் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. முப்பது வருஷம் கல்லூரியில் இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்ற மனுஷர், பைபிளை எப்படிப் படிக்க வேண்டும் என்று நாலு மாதமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டிருக்கிறார். எல்லாருக்கும் புரிந்துவிட்டது, இந்த அம்மா ஒருத்தரைத் தவிர.

"அம்மா, சிறையில இருந்தவரைப் போய்ப் பார்த்தாங்கன்னு வருதே, அது ஒரு குறியீடு. அறியாமை ஒரு சிறை. பயம் ஒரு சிறை. மனசுக்குள்ள அடைஞ்சு கிடக்கிறவங்களை நாம தேடிப் போகணும்னு அர்த்தம்."

"மனசுக்குள்ள அடைஞ்சு கிடக்கிறவங்களைப் பார்க்க மனு எழுதிக் கொடுக்க வேண்டியதில்லையே சார்?"

"அப்போ யோனாவை மீன் முழுங்கினதும் நிஜமாக்கும்?"

"முழுங்குச்சுன்னு போட்டிருக்கு. முழுங்குச்சு."

பல் டாக்டரும் சேர்ந்துகொண்டார். "கண்ணு தப்புப் பண்ணினா பிடுங்கிப் போடணும்னுகூட இருக்கே! கண்ணுக்கு என்கிட்ட வந்துடாதீங்க. பல்லுன்னா பார்க்கலாம்."

ஹாலே குலுங்கிச் சிரித்தது. அந்த அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, "எனக்குப் படிப்பு கிடையாதுங்க. போய்ப் பாருன்னு எழுதியிருக்கு, போறேன். வியாழக்கிழமையானா கடையை மூடிட்டு, ரெண்டு பஸ் மாறி பெரிய ஜெயிலுக்கு" என்றார்.

புரொபசர் கையிலிருந்த மார்க்கர் பலகையில் பாதி எழுத்தோடு நின்றது.

பெரிய ஜெயிலில்தான் அவருடைய ஒரே மகன் இருக்கிறான். வேலை பார்த்த ஊரில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, ரோட்டைக் கடந்த ஒருவரைக் கொன்றதற்கு மூன்று வருஷத் தண்டனை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கோ அவன் கப்பலில் இன்ஜினீயர். தாயில்லாப் பிள்ளை என்றும் பாராமல், தீர்ப்பு வந்த அன்றைக்கே அவனைத் தலைமுழுகியாகிவிட்டது. இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

"அங்கே யாரைக்கா பார்ப்பீங்க?" டாக்டர் மனைவி கேட்டார்.

"பார்க்க யாருமே வராதவங்களை. நம்ம ஏரியா ஆளுகூட ஒருத்தர் இருக்காரு."

"அடக் கடவுளே, நம்ம ஏரியாவா! யாருக்கா அது?"

அத்தனை தலையும் ஒரே நேரத்தில் திரும்பின. சலவைக்கடை அம்மா புரொபசரைப் பார்த்தார்.

புரொபசர் சட்டென்று பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். தெரிந்துதான் பேசுகிறாளா? இவள் வாய் திறந்தால் நாளைக்கு எந்த முகத்தோடு தெருவில் நடப்பது?

"போதும் நிறுத்துங்க!" என்று கத்தியேவிட்டார். "இது வேத வகுப்பா, வம்பளக்கிற இடமா? எழுதினதை எழுதினபடியே பிடிச்சுக்கிட்டுத் தொங்கறவங்களுக்கு இங்கே வேலை இல்லை. அடுத்த வாரத்திலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

அந்த அம்மா பைபிளை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

"விடுங்க சார், பாமர ஜனம்" என்றார் பல் டாக்டர். புரொபசர் பாதியிலேயே வகுப்பை முடித்துக்கொண்டார்.

தெருமுனை திரும்பினால், சுவரோரம் அந்த அம்மா நிற்கிறார்!

"கூட்டத்துல வேண்டாம்னுதான் இங்கே நின்னேன் சார். உங்க பையனைப் பத்திப் பேசணும்."

"யா... யார் சொன்னா உங்களுக்கு?"

"யாரும் பார்க்க வராதவங்க பட்டியலை ஜெயில்ல கொடுப்பாங்க. அதுல அப்பா பேரும் வீட்டு விலாசமும் இருக்கும். வாராவாரம் உங்க சட்டையைத் தேய்ச்சு அனுப்பறவளுக்கு விலாசம் தெரியாதா?"

"யார் யார்கிட்ட சொல்லி வச்சிருக்கீங்க?"

"சேச்சே! ரெண்டு வருஷமா மூச்சு விடலை. நன்னடத்தைன்னு அடுத்த மாசமே விடறாங்க சார். நேரா உங்ககிட்டதான் வரப்போறாரு."

"என்கிட்டயா? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வருவான்? என்னை அப்பான்னு கூப்பிடக் கூடாதுன்னு கோர்ட் வாசல்லயே சொல்லிட்டேனே! எந்தத் தைரியத்துல வரான்?"

அத்தனை பேர் சிரித்தபோது குனியாத அந்த அம்மாவின் தலை இப்போது குனிந்தது.

"அது என்னோட தப்பு சார். அதைச் சொல்லத்தான் நின்னேன். பொய் சொல்லாதேன்னு எழுதியிருக்கு. அதுக்கு வேற அர்த்தம் கிடையாது, எனக்கும் தெரியும். தெரிஞ்சே சொன்னேன். ஒரு தரம் ரெண்டு தரம் இல்லை, போன வியாழக்கிழமை வரைக்கும்."

"என்ன பொய்?"

"முதல் நாள் என்னைப் பார்த்ததும், 'உங்களை யார் அனுப்பினாங்க?'ன்னு கேட்டாரு. அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்துட்டு வேற எதுவும் வாயில வரலை. 'உங்க அப்பாதான்'னு சொல்லிட்டேன் சார். இன்னைக்கு வரைக்கும் அதை அப்படியே நம்பிக்கிட்டு இருக்காரு."