எட்டாவது டப்பா

ஆய்வகத்துக்குள் நுழைய அவளுக்குக் கால் வரவில்லை.

குழந்தைகள் வார்டில் ஆயா வேலை பார்ப்பவள் அவள். ஏழு கட்டிலுக்கும் டயபர் மாற்றுவது, துடைத்துவிடுவது, அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. அந்த ஏழு கட்டிலிலும் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு. கடைசிக் கட்டில் பிள்ளை கண் உள்ளே போய், அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தது.

ஏழு பிள்ளைகளையும் தொட்ட கை ஒன்றுதான் என்று தலைமை நர்ஸ் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அப்படிப் பொரிந்து தள்ளிய அதே நர்ஸ்தான், மேலிடத்துக்கு எழுதுவதற்கு முன்னால் பரிசோதித்துப் பார்த்துவிடலாம் என்று பிடிவாதமாக நின்றதும். கிருமிக்குக் கிருமி ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறதாம். ஏழும் ஒன்றே என்றால் அவள் கை பரப்பியது, வேலைக்கு முழுக்கு. வெவ்வேறு என்றால், அந்தந்தப் பிள்ளை தன் வீட்டிலிருந்தே வயிற்றில் வைத்துக்கொண்டு வந்தது.

டயபரிலிருந்து மாதிரி எடுத்து, டப்பாவில் அடைத்து, மூடியில் கட்டில் எண் எழுதி, இங்கே கொண்டுவந்து கொடுத்ததும் அவளேதான். சந்தேகத்துக்கு ஆளான கையாலேயே.

வேலை போனால் இன்னொரு வேலை. அவளைத் தின்றது அது அல்ல. அவளுக்கே தன் கைமேல் சந்தேகம் இருந்தது. ஏன் என்று யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை.

"உள்ள வாங்கம்மா. ஏன் வாசல்லயே நிக்கிறீங்க?"

ஆய்வகத்துப் பெண்மணி நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. கணினித் திரையில் மொட்டை மரம் ஒன்றைப் படுக்கப் போட்டதுபோல் கோடுகள். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு கட்டில் எண்.

"இது அந்த வைரஸுங்களோட வம்சம்னு வெச்சுக்குங்க. ஒண்ணாம் கட்டிலும் அஞ்சாம் கட்டிலும் பங்காளிங்க. ஆனா எந்தக் காலத்துலயோ பாகம் பிரிச்சுக்கிட்டுப் போனவங்க. நாலாவதும் ஆறாவதும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே கிடையாது. கடைசிக் கட்டிலோடது குடும்பமே வேற."

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்த அம்மாளின் முகத்தையே பார்த்தாள்.

"ஏழும் ஏழு விதம். ஒரு கட்டில்லேர்ந்து இன்னொரு கட்டிலுக்கு நீங்க எதையும் கொண்டுபோகல."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டிலுக்குக் கட்டில் கழுவிக் கழுவித் தோல் உரிந்துபோன கை அது. அதையே எடுத்து எல்லாரையும் கும்பிட வேண்டும் போலிருந்தது. இந்த அம்மாவை, அந்த மொட்டை மரத்தை, திட்டினாலும் பொறுத்துப் பார்த்த நர்ஸை. ஏன், சொல்லிவைத்தாற்போல் ஆளுக்கொரு கிருமியாகப் பொறுக்கிக்கொண்டு வந்த அந்த ஏழு வாண்டுகளையும்தான். காலையில் கடைசிக் கட்டில் கண்ணை விழித்து, ஊசி போட வந்த நர்ஸை எட்டி ஓர் உதை விட்டிருந்தது. அந்த உதைக்கும் சேர்த்து ஒரு கும்பிடு.

"ஒண்ணுதான் இடிக்குது" என்றார் ஆய்வகத்து அம்மாள். "ஏழு கட்டிலுக்கு எட்டு டப்பா வந்திருக்கு. எட்டாவது மூடியில நம்பரே இல்ல, 'குட்டி'ன்னு மட்டும் எழுதியிருக்கு. அந்த டப்பாவோட வைரஸும் மூணாம் கட்டிலோடதும் அச்சு அசல் ரெட்டைப் பிள்ளைங்க."

ஏழுக்கும் சேர்த்துப் பயந்த பயம் எல்லாம் இப்போது அந்த ஒன்றில் வந்து நின்றது.

"குட்டிகிட்டேர்ந்து மூணாவதுக்கு வந்திருக்குமா மேடம்? மூணாவதுக்கு ஆரம்பிச்சு ரெண்டு நாள் கழிச்சுத்தான் குட்டிக்கு முடியாமப் போச்சு."

"அப்போ குட்டிக்குத்தான் இங்கேர்ந்து போயிருக்கு. குட்டிகிட்டேர்ந்து இங்க யாருக்கும் வரல." அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஆமா, யாரு இந்தக் குட்டி? எந்தக் கட்டில்?"

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கட்டில் இல்ல மேடம். எம்பொண்ணு. இப்போ தேவலை, பசிக்குதுன்னு காலையில ஊரையே கூட்டிட்டா. அடுத்தவங்க பிள்ளைக்குப் போகல இல்ல, அது போதும் எனக்கு."

பிறகு தன் கைகளை மடியில் விரித்துப் பார்த்தபடி சொன்னாள்.

"வேலை முடிஞ்சு வாசல்ல கால வெச்சா போதும். கை கழுவக்கூட விடாம ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்குவா."