கடைசியாக வருபவர்

அந்த மேய்ச்சல் குன்றில் சைக்கிளோட்டிகளில் கடைசியாக வருபவர்தான் கேட்டைச் சாத்த வேண்டும். ஹிலரியின் கணவன் கிளைவ் உயிரோடு இருந்தவரை அது அவன் வேலை. பின்னால் கொண்டி விழும் சத்தம் கேட்ட பிறகே அவள் பெடலை மிதிப்பாள். அவன் இல்லாத இரண்டாவது ஜனவரி இது. கணுக்கால்வரை சேறு. சைக்கிளை ஓட்டியதைவிடத் தள்ளியதே அதிகம்.

"கேட்டைச் சாத்தினியாடி?" முன்னால் போன தோழி மொய்ரா திரும்பிக் கத்தினாள். "ஆடுங்க ரோட்டுக்கு வந்துச்சுன்னா பண்ணைக்காரன் ஆட்டை விட்டுட்டு நம்ம முடியைத்தான் கத்தரிப்பான்!"

ஹிலரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழக்கதோஷத்தில் அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

திரும்பிப் போய்ப் பார்த்தாள். கேட் சாத்தி, கொண்டி போட்டிருந்தது. சேற்றில் அவர்கள் இருவரின் தடங்கள்மேல் மூன்றாவதாக ஒரு தடம், வழவழவென்று தேய்ந்த டயருடையது. "குளிர்காலத்துக்காவது அந்த டயரை மாத்தித் தொலையேன்" என்று வருஷம் தவறாமல் கிளைவோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்து, அந்தத் தடம் நின்றுபோயிருந்தது.

"சாத்தித்தான் இருக்கு," என்றாள் மொய்ராவிடம்.

அடுத்த கேட்டை வேண்டுமென்றே திறந்தபடி விட்டாள். பெடலில் கால் வைத்து, மிதிக்காமல், திரும்பிப் பார்க்காமல், கொண்டி விழும் சத்தத்துக்காகக் காத்து நின்றாள்.